செத்த விதையும் தண்ணீர் குடிக்கும்

மகனுக்கு, உம்மாவின் சலாம்.

நீயும் வாப்பாவும் அக்கரைப்பற்றுக்குப் போயிருக்கிறீர்கள். பெண்வீட்டார் எத்தனை பேரை அழைக்கிறார்கள் என்று பேசிவிட்டு அசர் தொழுகைக்குப் பிறகுதான் திரும்புவீர்கள். பலகாரம் சுட வந்த பெண்கள் ளுஹர் தொழுகைக்காகக் கலைந்து போய்விட்டார்கள். நானும் தொழுதுவிட்டு உன் மேசையில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது. காலையிலிருந்து யாராவது ஒருவர் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்ததில் தொண்டையும் கட்டிப்போயிற்று. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று நீ நினைக்கலாம். வாயால் சொல்ல முடியுமென்றால் நாலு வருடத்துக்கு முன்பே சொல்லியிருப்பேன். வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடிந்தால் நம் ஊர் வழக்கப்படி நீ பெண்வீட்டுக்குப் போய்விடுவாய். அதன் பிறகு இந்த வீட்டுக்கு நீ விருந்தாளி. விருந்தாளியிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது.

பரமேஸ்வரி ரீச்சரைப் பற்றித்தான் எழுதுகிறேன். இத்தனை வருடமாக இந்த வீட்டில் நானும் நீயும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. நான் சொல்லாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். நீ சொல்லாததற்கு என்ன காரணம் என்று எனக்குப் போன திங்கட்கிழமைதான் தெரிந்தது.

தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்த பகுதியும் இதில் வரும், பொறுத்துக்கொண்டு வாசி. எழுபதுகளின் கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பூந்தோட்டம் போடும் பொறுப்பை, விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்று என் தலையில் கட்டினார்கள். கண்டியிலிருந்து விதைப் பொட்டலங்கள் வந்தன. சீனியா, காசித்தும்பை, கல்வாழை, சங்குப்பூ. உன் வாப்பா வயல் வட்டையில் விதைப்புக்கு நெல்லை ஊறப்போடுகிற மாதிரியே எல்லாவற்றையும் வாளியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். அது ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் விடுமுறை கழிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது காசித்தும்பை அழுகி நாறியது. கல்வாழை விதையோ போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே, கறுப்பு ஈயக்குண்டு மாதிரிக் கிடந்தது. சாய்ந்தமருது மணலில் அந்த வருடம் ஒரு பூவும் வரவில்லை. வாப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். "நெல்லு நம்மள அறிஞ்ச சாமான். இது வெள்ளக்காரன்ட பூ. அதுக்கிட்டயே கேளு, எவ்வளவு தண்ணி வேணுமெண்டு," என்றார்.

அவர் பகிடியாகச் சொன்னதைப் பரமேஸ்வரி ரீச்சர் பகிடியாக எடுக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருடம் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரி. பாண்டிருப்பில் அவருடைய வீடு, அங்கேதான் படிப்பித்தார். கல்முனைச் சந்தையில் கண்டு கதைத்தபோது அழுகின காசித்தும்பையைப் பற்றிச் சொன்னேன். "அப்ப கேட்டுப் பாப்பமே. ஒவ்வொரு விதையும் எவ்வளவு குடிக்குது, எவ்வளவு நேரத்தில குடிக்குது எண்டு நிறுத்தாத் தெரியும்தானே," என்றார். அவருடைய தமையன் நகைத்தொழில் செய்தார். அந்தப் பட்டறையில் இருந்த பழைய தராசு ஒன்றைக் கேட்டு வாங்கினார். அப்படித்தான் அந்தச் சனிக்கிழமைகள் தொடங்கின. உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எனக்குக் கண் கூசும் என்பதால் தராசின் நாக்கைப் பார்க்கிற வேலையை உனக்குத் தந்தோம்.

உனக்கு அந்த வேலை எவ்வளவு பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். ஒரே மாதிரியான நூறு விதைகளை எண்ணி எடுப்பாய். நிறுப்பாய். தண்ணீரில் போடுவாய். மணிக்கூட்டைப் பார்த்து எடுத்து, மை ஒற்றும் தாளில் ஈரத்தை ஒற்றிவிட்டு மறுபடி நிறுப்பாய். சீனியா விதை தட்டையாக, உமி மாதிரி இருக்கும், போட்ட கொஞ்ச நேரத்திலேயே பாரம் கூடிவிடும். பிறகு குடிப்பது மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்தில் தராசு அசையாமல் நின்றுவிடும். அப்படி நிற்கிற நேரத்தில்தான் விதைக்குள்ளே வேலை நடக்கிறது என்று ரீச்சர் சொல்வார். வேர் வெளியே வருகிறபோது பாரம் மறுபடி ஏறும். கல்வாழை மட்டும் நாள்கணக்காக ஒரு துளியும் குடிக்கவில்லை. அதன் தோலில் ஓரிடத்தில் அரத்தால் தேய்த்து, உள்ளே வெள்ளை தெரிகிற அளவுக்குக் காயம் பண்ணிப் போட்டோம். மறுநாள் அது உப்பி இருந்தது. தராசுக்குப் படிக்கல்லாக இருந்த குன்றிமணியையும் ஒன்று தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டுமென்று நீ அடம்பிடித்தாய். பத்து நாள் போட்டு வைத்தும் அது பாரம் ஏறவே இல்லை. "அதனாலதான் தட்டார் இதால பொன் நிறுக்கிற," என்று ரீச்சர் சொன்னதும் நீ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்படி நீ என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கு அது கொஞ்சம் உறைத்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவித்த விதையின் கதைக்கு வருகிறேன். ஒருமுறை ரீச்சர், சீனியா விதையில் ஒரு பங்கை அவித்துச் சாகடித்து, உயிருள்ளதையும் செத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறுக்கச் சொன்னார். அவித்ததைக் காயவைத்து எடுத்தோம். அன்றைக்கு அவரால் வர முடியவில்லை. நீ தனியாகத்தான் நம் வீட்டுக் குசினி மேசையில் இருந்து நிறுத்தாய். பின்னேரம் நான் நீ நிறை எழுதிவைக்கிற கொப்பியைப் பார்த்தேன். இரண்டு வரிசையிலும் ஏறக்குறைய ஒரே கணக்கு. உயிருள்ளது எவ்வளவு குடித்ததோ செத்ததும் அவ்வளவு குடித்திருந்தது. நீ விளையாடப் போகிற அவசரத்தில் ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதிவிட்டாய் என்று நினைத்தேன்.

"செத்த விதை தண்ணி குடிக்குமா?" என்று கேட்டேன்.

"குடிச்சிரிக்கி உம்மா. நான் நிறுத்ததத்தான் எழுதின," என்றாய்.

"பொய் சொல்லாத."

"நான் நிறுத்ததத்தான் எழுதின."

நான் உன் கன்னத்தில் அடித்தேன். பிறகு சிவப்பு மையால் அந்தப் பக்கத்தைக் குறுக்கே வெட்டி, கீழே 'பொய்' என்று எழுதினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கொப்பியில் நான் ஒருநாளும் அப்படி எழுதியதில்லை. வாப்பா வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு நின்றார். "புள்ளைய விடு," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை பரமேஸ்வரி ரீச்சர் அந்தக் கொப்பியைப் பார்த்தார். காலையிலேயே புதிதாக ஒரு பங்கை அவித்து, வெயிலில் காயவைத்து, தானே இருந்து நிறுத்தார். உன்னைக் கூப்பிடவில்லை, என்னையும் விடவில்லை. அஞ்சு மணியாகும்போது தராசை மூடிவிட்டு என்னிடம் வந்து, "புள்ள எழுதினது சரி. உயிரில்லாட்டியும் தோலும் மாவும் தண்ணிய இழுக்கும். கடைசியில வேர் வராது, அவ்வளவுதான் வித்தியாசம்," என்றார். நான் "அப்பிடியா" என்றேன். அந்த ஒரு சொல்தான் என் வாயிலிருந்து வந்தது. நீ வேலிப்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் உன்னிடம் வந்து, நீ சொன்னது சரி மகன், நான்தான் பிழை விட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பத்து வருடம் போய்விட்டது. இப்போது சொல்கிறேன். நீ சொன்னது சரி. நான் அடித்தது பிழை, எழுதியது அதைவிடப் பெரிய பிழை. நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வரும். அவர்கள் முன்னால் நீ பிழைவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. பிந்தினால் அந்தச் சொல் வாயிலேயே இறுகிப்போய்விடுகிறது.

அதற்குப் பிறகும் நாலைந்து வருடம் நிறுத்தோம், எழுதினோம். எந்தப் பூவின் விதை எவ்வளவு பெரியது, தோல் எப்படி, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எதை ஊறவைக்கவே கூடாது, எதை அரத்தால் தேய்க்க வேண்டும் என்று எல்லாம் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் மாதிரி வந்தது. அதில் பாதிக்கு மேல் அவருடைய மூளை. என்னுடையது கையெழுத்து. கல்வி அலுவலகத்தில் ஒருவர் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத் தோட்டங்களுக்கு உதவும், அச்சடிப்போம், சுத்தமாகப் பிரதி எழுதி அனுப்புங்கள் என்றார்.

அந்த வருடம்தான் தமிழர், முஸ்லிம் என்று ஊர் இரண்டுபட்டது. அதை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கேயும் எரிந்தது, இங்கேயும் எரிந்தது. கல்முனைக்கு அப்பால் எங்கள் ஆட்கள் போகவில்லை, இப்பால் அவர்களுடைய ஆட்கள் வரவில்லை. ரீச்சரின் தமையனுடைய பட்டறையும் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். அவர்கள் எல்லோரும் மட்டக்களப்புக்குப் போய்விட்டார்கள் என்றும் சொன்னார்கள். நான் ஒரு கடிதமும் போடவில்லை. யாரிடம் கொடுத்து அனுப்புவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தபால் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அலுவலகத்திலிருந்து பிரதியைக் கேட்டு நினைவூட்டல் வந்தது. எழுதி முடித்தேன். முதல் பக்கத்தில் இரண்டு பெயரையும் எழுதினேன், அவருடையதை மேலே, என்னுடையதைக் கீழே. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு, வேறு தாள் எடுத்து என் பெயரை மட்டும் எழுதினேன். பள்ளிக்கூடத்து அதிபர்தான் ஒரு பெயர் போதும் என்றார் என்று அப்போது வாப்பாவிடம் சொன்னேன், பிறகு உன்னிடமும் சொன்னேன். அந்த மனிதர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அந்தத் தாள் கிழிந்ததே தெரியாது. பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆட்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம். ஆனால் பயம் மட்டும் என்றால் இவ்வளவு காலம் என்னை அரித்திருக்காது. என் பெயர் தனியாக இருப்பதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது மகன். அதுதான் உண்மை.

புத்தகம் வந்தபோது நீ உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாய். அட்டையைப் பார்த்தாய், உள்ளே புரட்டினாய், திரும்ப அட்டைக்கு வந்தாய்.

"ரீச்சர்ட பேர் எங்க உம்மா?"

அதிபர் சொன்ன கதையைச் சொன்னேன். நீ என்னையே பார்த்தாய். "நீங்க சொல்லயில்லையா, ரெண்டு பேரும்தான் செஞ்ச எண்டு?" என்று கேட்டாய். "உனக்கு விளங்காது, போய்ப் படி," என்றேன். பதினொரு நாள் நீ என்னோடு கதைக்கவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் பின்னேரம் சைக்கிளில் எங்கோ போய்விட்டு வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி "தேத்தண்ணி தாங்க உம்மா" என்றாய். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்து அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். நீ எங்கே போய் வந்தாய் என்று கேட்கவில்லை.

அந்தப் புத்தகத்தால் எனக்குப் பெயர் கிடைத்தது. ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். விதை ஊறுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவித்த விதையின் பக்கம் வந்தால் வேகமாகக் கடந்துவிடுவேன். ரீச்சர் மட்டக்களப்பிலிருந்து திரும்பிப் பாண்டிருப்பிலேயே இருக்கிறார், நேரத்தோடே ஓய்வு எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மூன்று மைல் இராது. போகவில்லை.

உன் கலியாணத்துக்கு அழைப்பு எழுதும்போது அந்தப் பெயரை எழுதாமல் இருக்க முடியவில்லை. போன திங்கட்கிழமை சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே போனேன். படலையில் நின்று கூப்பிட்டேன். தலை முழுக்க வெளுத்துப்போயிருந்தது அவருக்கு. என்னைக் கண்டு கொஞ்சம் நின்றார், பிறகு "உள்ளுக்கு வாங்க ரீச்சர்," என்றார். கதிரை போட்டார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். முற்றத்தில் பூ ஒன்றும் இல்லை. மிளகாய்க் கன்றும் கீரையும் நின்றன. அழைப்பை வாங்கி உன் பெயரை விரலால் தொட்டு வாசித்தார். "என்ட தராசுக்காரனுக்குக் கலியாணமா," என்று சிரித்தார்.

நான் சொல்ல வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே தொடங்கிவிட்டார். "நீங்க இவ்வளவு காலமும் வராம இரிந்தது எனக்குக் கோபமில்ல. மகன் அண்டைக்கே வந்து எல்லாத்தையும் சொன்னவர்," என்றார்.

"என்ன சொன்னவன்?" என்று கேட்டேன்.

"நாங்க திரும்பி வந்த புதிசு. உங்கட ஊராக்கள் ஒருத்தரும் இஞ்ச வாறல்ல. அந்த நேரத்தில சைக்கிள்ல வந்தவர். புத்தகத்தக் கையில தந்து, 'உம்மா ரெண்டு பேர்ட பேரையும்தான் எழுதிக் குடுத்தவ ரீச்சர், அச்சடிச்ச இடத்தில உங்கட பேர விட்டுட்டாங்க, உம்மா வெக்கத்தில வாறாவில்ல' எண்டு சொன்னவர். நான் அதில என்ன இரிக்கி, பரவாயில்ல எண்டு சொல்லி அனுப்பின."

தேத்தண்ணிக் கிளாஸ் என் கையில் இருந்தது. அதைக் குடித்து முடித்து, ஓம் ரீச்சர், அப்படித்தான் நடந்தது என்று சொல்லிவிட்டு எழும்பி வந்திருக்கலாம். அவரும் உன் கலியாணத்துக்கு வந்திருப்பார். உன் கையைப் பிடித்து வாழ்த்தியிருப்பார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிராது. நீ எனக்காகக் கட்டிவைத்த இடம் அது, நான் உள்ளே போய் இருந்தால் போதும். மகன், நான் 'பொய்' என்று எழுதிய நாளில் நீ உள்ளதை எழுதியிருந்தாய். நீ பொய் சொன்ன ஒரே நாளில் அதை எனக்காகச் சொல்லியிருக்கிறாய், அதுவும் அந்தத் தெருவால் தனியாகப் போய். அதைக் கேட்ட பிறகு என்னால் அந்தப் பொய்யை எடுத்துப் பாவிக்க முடியவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் பெயரை விட்டது நான்தான் என்று சொன்னேன். அதிபரை இழுத்ததையும் சொன்னேன்.

அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார். "எழுதிட்டுக் கிழிச்சீங்களா, எழுதவே இல்லையா?"

"எழுதிட்டுக் கிழிச்ச."

"காணும், அவ்வளவு போதும்," என்றார். எழும்பி இரண்டு கிளாஸையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவி முடிந்த பிறகும் கனநேரம் அவர் வரவில்லை. எழும்பிப் போவதா இருப்பதா என்று தெரியாமல் நான் இருந்தேன். வெளியே வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார். கையில் அழைப்பு இருந்தது. திருப்பித் தரப்போகிறார் என்று நினைத்தேன், தரவில்லை.

"கலியாணத்துக்கு நான் வரல்ல," என்றார். "மகனுக்கு என்ட வாழ்த்தச் சொல்லுங்க. மறுகா ஒருநாள் பொஞ்சாதியையும் கூட்டிக்கொண்டு இஞ்ச வரட்டும். அவருக்கு இந்த வீடு எப்பயும் திறந்துதான் கிடக்கும். நீங்க இப்ப வரவேணாம் ரீச்சர்."

இப்ப என்றால் எவ்வளவு காலம் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அதைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை. பஸ்ஸுக்கு நிற்காமல் கல்முனைச் சந்திவரைக்கும் நடந்தே வந்தேன். அதனால்தான் இந்த முழங்கால்.

உனக்குக் கோபம் வரலாம். நான் மூடியதை ஏன் திறந்தீர்கள் என்று கேட்கலாம். கேள். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ போகிற வீட்டில் யாருக்காகவும் பொய் சுமக்காதே. உன் பெண்சாதிக்காகவும் சுமக்காதே, அவளையும் உனக்காகச் சுமக்கவிடாதே. அன்பாகத்தான் சுமப்பீர்கள், தெரியும். ஆனால் சுமக்கிறவனுக்கும் சுமக்க வைத்தவளுக்கும் இடையில் கதைபேச்சு அற்றுப்போய்விடுகிறது. நமக்கு அதுதான் நடந்தது. இந்த வீட்டில் நாலு வருடம் தேத்தண்ணி, சோறு, சம்பளம், மழை, இதைத் தவிர நீயும் நானும் வேறு எதைக் கதைத்தோம் என்று யோசித்துப் பார்.

கலியாணம் முடிந்து விருந்தெல்லாம் ஓய்ந்ததும் பாண்டிருப்புக்குப் போ. பின்னேரம் போகாதே, அவர் கொஞ்சம் சரிந்து படுக்கிற நேரம். காலை பத்து மணி போலப் போ. போனதும் நீ சொன்ன பொய்யை நீயே சொல். அவருக்குத் தெரியும்தானே என்று சும்மா இருந்துவிடாதே. என்னைப் படிக்கல்லாக வைத்து அவர் உன்னை நிறுக்கமாட்டார். என்னைப் பற்றி அவர் கேட்டால் உள்ளதைச் சொல், கேட்காவிட்டால் நீயாகத் தொடங்காதே. எனக்காக மன்னிப்பும் கேட்காதே.

அங்கே என்ன கதைத்தீர்கள் என்று நீ எனக்கு எழுத வேண்டியதில்லை. போனேன் என்று மட்டும் ஒரு வரி எழுது.

உம்மா